வாட் எவ்வளவு, டிகிரி எவ்வளவு?

மே மாதம் வேலூரில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கடைச் சுவரில் தொங்கும் வெப்பமானி 37 டிகிரி காட்டும். மின்விசிறி ஓடத்தான் ஓடும். ஆனால் அந்த 37 டிகிரிக் காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும். ஆற்காடு சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பத்துக்கு எட்டடிக் கடை. லேப்டாப் சர்வீஸ் மட்டும்தான். கடைக்காரர் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. முதல் எட்டு வருஷம் சென்னை ரிச்சி தெருவில் சம்பளத்துக்கு வேலை, அதன் பிறகு சொந்த ஊரில் சொந்தக் கடை.

வெப்பமானி அங்கே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. லேப்டாப் கொதிக்கிறது என்று யார் வந்து நின்றாலும், கருவியைத் தொடுவதற்கு முன்னால் கடைக்காரர் கண் அந்த வெப்பமானிக்குத்தான் போகும். லேப்டாப்புக்குள் இருக்கிற ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, உள்ளே இருக்கிற சூட்டை அதில் ஏற்றி வெளியே அனுப்புகிறது, அவ்வளவுதான். 24 டிகிரி ஏசி அறையில் சும்மா இருக்கும்போது 38 டிகிரியில் நிற்கும் புராசசர், இந்தக் கடையில் 51-ல் நிற்கும். அதில் கருவியின் குற்றம் எதுவும் இல்லை. ஏசி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் "அங்க நல்லா இருந்துச்சு, இங்க வந்ததும் சூடாகுது" என்று கொண்டு வருவார்கள். அவர்களில் பாதிப் பேரை வெப்பமானியைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார், காசு வாங்காமல்.

2025 மே மாதம் கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு நாளில் வந்த ஆசிரியையை அப்படித் திருப்பி அனுப்ப முடியவில்லை.

பள்ளியில் கணக்கு ஆசிரியை. மாலையில் வீட்டில் டியூஷன், இரவில் வெளியூர் மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு. லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, அப்டேட் போட்டதிலேர்ந்து கொதிக்குது. மடியில வைக்க முடியல. நேத்து கிளாஸ் நடுவுல தானா ஆஃப் ஆயிடுச்சு."

"என்ன அப்டேட் டீச்சர்?"

"பத்துலேர்ந்து பதினொண்ணு. பத்து இனிமே வராதுன்னு திரையில போட்டுக்கிட்டே இருந்துச்சு. அக்கா பையன் மாத்திக் குடுத்தான்."

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியப் போகிறது என்ற அறிவிப்பு அந்த வருஷம் லட்சக்கணக்கான திரைகளில் வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறை புராசசராவது இருக்க வேண்டும். ஆசிரியையின் லேப்டாப்பில் இருந்தது அதே எட்டாம் தலைமுறை ஐ-ஃபைவ். ஆக, வரிசையின் கடைசிப் படியில் நின்று ஏறிய கருவி.

கடையில் வேலை பழகும் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான். "தொறந்துரலாமாண்ணா?"

"வை கீழ."

அவர் திருகாணியில் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு எண் தெரிந்தாக வேண்டும். புராசசர் எத்தனை வாட் மின்சாரம் தின்கிறது, எத்தனை டிகிரியில் நிற்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் இரண்டையும் காட்டிவிடும். டிகிரியை எல்லோரும் பார்க்கிறார்கள். வாட்டைப் பார்க்கிறவர்கள் குறைவு, பல ஆண்டு தொழில் செய்தவர்களிலும்கூட.

பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவர் குக்கரைத்தான் உதாரணம் சொல்வார். குக்கர் எக்கச்சக்கமாகக் கொதிக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. அடுப்பில் தீ அதிகம், அல்லது வெயிட் உட்காரும் துவாரத்தில் பருப்பு அடைத்திருக்கிறது. தீயைப் பார்க்காமல் மூடியைக் கழற்றுகிறவன் சமையல் தெரியாதவன். வாட் என்பது தீ. தீ குறைவாக இருந்தும் பாத்திரம் கொதித்தால் வழி அடைத்திருக்கிறது: தூசி, புராசசர் மேல் பூசிக் காய்ந்துபோன வெப்பம் கடத்தும் பேஸ்ட், ஓடாத ஃபேன். தீயே அதிகமாக எரிந்தால், யாரோ உள்ளே வேலை வாங்குகிறார்கள். அது மென்பொருளின் பக்கம். முதல் வகைக்கு ஃபார்மேட் அடித்துப் பயனில்லை. இரண்டாம் வகைக்குத் தூசி தட்டிப் பயனில்லை.

ஆசிரியையின் லேப்டாப்பைச் சார்ஜரோடு மேசையில் வைத்து, எந்த நிரலையும் திறக்காமல், கை படாமல் பத்து நிமிஷம் விட்டார். 11 வாட், 91 டிகிரி. அந்தப் புராசசரின் முழு நேர வேலைக்கான அளவே 15 வாட்தான். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு மூன்று வாட்டோடு அடங்கியிருக்க வேண்டும். தீயும் அதிகம், பாத்திரமும் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. இரண்டு பக்கத்திலும் ஏதோ இருக்கிறது.

முதலில் தீயைப் பார்த்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எது புராசசரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னணி வேலைகளில் பல, ஆள் தொடாமல் இருக்கும் நேரம் பார்த்து நடப்பவை. மவுஸை அசைத்ததும் அவை ஒதுங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமே ஓடலயே" என்பது இதனால்தான். திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது மூன்று பெயர்கள் மாறி மாறி மேலே வந்தன. கோப்புகளைத் தேடுவதற்கு அட்டவணை தயாரிக்கும் இண்டெக்ஸர், வைரஸ் சோதனை, விண்டோஸ் தன் பாகங்களைத் தானே சரிசெய்துகொள்ளும் இன்ஸ்டாலர்.

மூன்றும் நோய் இல்லை. வீடு மாறிய முதல் வாரம் மாதிரி. புதிய இயங்குதளம் வந்ததும் எல்லாக் கோப்புகளையும் மறுபடி எண்ணி அட்டவணை போடும், எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும், விடுபட்ட அப்டேட்டுகளை இறக்கும். ஆப்பிள் கணினிகளிலும் இதே கதைதான், அங்கே ஸ்பாட்லைட் அட்டவணை போடும். வேலை முடிந்தால் அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், வேலை முடிய விடுவதில்லை நாம். சூடாகிறது என்று பயந்து அரை மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். அடுத்த நாள் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். நாமும் மறுபடி அணைப்போம். ஆசிரியை பதினோரு நாளாக இதைத்தான் செய்திருந்தார்.

"டீச்சர், இது ராத்திரி வரைக்கும் இங்க ஓடட்டும். நாளைக்குச் சொல்றேன்."

"ஓட விட்டா இன்னும் கெட்டுப் போகாதா தம்பி?"

கேட்க வேண்டிய கேள்விதான். புராசசர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். அந்த வகைச் சில்லுகளுக்கு 100 டிகிரி எல்லை. நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். முந்தின நாள் வகுப்பின் நடுவில் நடந்தது அந்தத் துண்டிப்பு. அருகில் இருக்கும் பேட்டரிக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. அதனால் அவர் கருவியின் அடியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து உயர்த்தி, பக்கத்தில் மேசை விசிறியைத் திருப்பிவிட்டு ஓட விட்டார். அன்று இரவு எட்டு மணிக்கு வாட் 3-க்கு இறங்கியிருந்தது.

டிகிரி? 66.

அறை அப்போதும் 37. வெறும் மூன்று வாட் சூட்டை வெளியேற்ற முடியாமல் புராசசர் அறையைவிட 29 டிகிரி மேலே நிற்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கருவியில் இந்த வித்தியாசம் பதினைந்தைத் தாண்டாது என்பது அவருடைய கணக்கு. இப்போது பையனைப் பார்த்தார். "தொற."

அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. பையன் முகத்தில் ஏமாற்றம். அவர் ஃபேனின் மூன்று திருகாணிகளையும் கழற்றித் தூக்கிக் காட்டினார். ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும், சூட்டைச் சுமந்து நிற்கும் மெல்லிய செப்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. ஆறு சென்டிமீட்டர் நீளம், தீப்பெட்டிக் குச்சி தடிமன். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல், கம்பளித் துணி மாதிரி முழுசாக உரிந்து வந்தது. தலைமுடி, துணிப் பஞ்சு, அதில் மாவு மாதிரி படிந்த வெள்ளை. பையன் விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தான்.

"சாக்பீஸுண்ணா."

டியூஷன் அறையில் கரும்பலகைக்குக் கீழேயே லேப்டாப் மேசை. ஐந்து வருஷச் சாக்பீஸ் தூள். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இந்தப் பட்டை வராது. இன்னும் இறுகி உட்காரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். பல கடைகளில் ஃபேன் பறக்கும் சத்தம் தெருவரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் அவருக்கு மனசு பதறும்.

அடுத்து ஹீட் சிங்க். தட்டையான ஒரு செப்புக் குழாய், ஒரு முனை புராசசர் மேல், மறுமுனை அந்தத் தகடுகளுக்குள். பார்க்க வெறும் செம்புக் கம்பி போல இருக்கும். உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீர், வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடிச் சூட்டை விட்டுவிட்டு, உட்சுவரில் இருக்கிற நுண்ணிய திரி வழியே திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் செய்து காட்டிய குழாய் இது. விண்கலங்களில் பயன்பட்டது இன்றைக்கு டியூஷன் டீச்சர் லேப்டாப்பில் இருக்கிறது. இந்தக் குழாயை வளைத்துவிட்டால் உள்ளே திரி நசுங்கி, வெறும் செம்பாகிவிடும். கழற்றும்போது நெம்பக் கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொல்வது இதற்காக.

நான்கு திருகாணிகளில் மூன்றுதான் இருந்தன. முன்பு எங்கேயோ ஒரு கடையில் திறந்திருக்கிறார்கள். ஒன்று தொலைந்திருக்கிறது, அப்படியே மூடியிருக்கிறார்கள். ஹீட் சிங்க் மேல் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பார்கள். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால்தான் செம்பு நாலா பக்கமும் சமமாக அமரும். ஒரு மூலை தூக்கினால் போதும், இடையில் காற்று புகும். வெப்பம் கடத்துவதில் செம்புக்கு மதிப்பு சுமார் 400 என்றால், நல்ல பேஸ்டுக்கு ஐந்து முதல் பத்துக்குள், காற்றுக்கு 0.026. பேஸ்டே செம்பின் பக்கத்தில் நிற்க முடியாத பொருள்தான். காற்று இருக்கும் இடத்தை அடைப்பதற்காக மட்டும் அதைப் போடுகிறோம். அதனால்தான் அளவாகப் போட வேண்டும். இட்லிக்குச் சட்னி வைப்பது போல வைத்தால் அதுவே தடையாகிவிடும்.

ஆசிரியையின் புராசசர் மேல் இருந்த பேஸ்ட், கோடையில் வெடித்த ஏரித்தரை போலப் பாளம் பாளமாக இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மூன்று தடவை துடைத்து, அரிசி அளவு புது பேஸ்ட் வைத்து, பழைய போர்டு ஒன்றிலிருந்து நான்காவது திருகாணியைத் தேடி எடுத்து மூடினார். அதே அறை, அதே மூன்று வாட். 49 டிகிரி. முழு வேலை கொடுத்து 15 வாட்டில் ஓட விட்டபோது 78-ல் நின்றது.

இந்த இடத்தில் பலர் பில் போட்டுவிடுவார்கள். அவர் போடவில்லை. ஆசிரியை சொன்ன வார்த்தை ஒன்று அவருக்குள் உறுத்திக்கொண்டிருந்தது: "கிளாஸ் நடுவுல." ஆன்லைன் வகுப்பு என்றால் வீடியோ. ஒரு வீடியோவை ஓட விட்டார். வாட் 13-க்கு எகிறியது.

ஒரு வீடியோ பார்க்க 13 வாட் எதற்கு? வீடியோவை விரித்துக் காட்ட புராசசருக்குள்ளேயே தனிச் சுற்று இருக்கிறது. சிக்கனமாக வேலையை முடிக்கும். அந்தச் சுற்றைத் தட்டி எழுப்புவது கிராஃபிக்ஸ் டிரைவர். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் அங்கே இன்டெல் என்ற பெயரே இல்லை. சரியான டிரைவர் அமையாதபோது திரை இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் கைவசம் வைத்திருக்கும் 'பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' இருந்தது. படம் தெரியும். ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் புராசசரே கூட்டிக் கழித்து வரைய வேண்டும். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போட்டதும் அதே வீடியோ 6 வாட்டில் ஓடியது.

சூட்டுக்கு மூன்று காரணம். முடியாத அட்டவணை வேலை, ஐந்து வருஷச் சாக்பீஸ், அமையாத டிரைவர். இதில் நடுவில் இருப்பது அப்கிரேடுக்கு முன்பே இருந்தது. ஆசிரியையின் வேலை முன்பு அவ்வளவு லேசாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. அப்கிரேடு நாள்கணக்கில் முழு வேலை கொடுத்ததும் குட்டு உடைந்துவிட்டது.

வாட்டைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ரிச்சி தெருவில் ஒரு தவறிலிருந்து வந்தது.

2011. ஒரு பொறியியல் மாணவர் உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பைக் கொண்டு வந்தார். ஏப்ரலில் வெளிவந்த 11.04-க்கு மாறியதிலிருந்து அடிப்பாகம் சுடுகிறது, மூன்று மணி நேரம் வந்த பேட்டரி இரண்டு மணி நேரம்தான் வருகிறது. நம் கடைக்காரர் ஒன்றும் யோசிக்கவில்லை. திறந்தார், தூசி தட்டினார், பேஸ்ட் மாற்றினார், 400 ரூபாய் வாங்கினார். மூன்றாம் நாள் மாணவர் திரும்பி வந்தார். "அண்ணா, அப்படியேதான் இருக்கு." மறுபடி திறந்தார். வேறு பேஸ்ட் போட்டார். மறுபடி வந்தார். 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்த அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. காசு போனதற்காக இல்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று அந்த மாணவர் முதல் நாளே சொல்லியிருந்தார். தூசியால் லேப்டாப் சூடாகும், ஆனால் தூசி மின்சாரம் தின்னாது. பேட்டரி வேகமாகத் தீர்கிறது என்றால் தீ அதிகம் என்று பொருள். அதைக் காதில் வாங்காமல் மூடியைத் திறந்திருக்கிறார்.

அடுத்த முறை மாணவரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். லினக்ஸில் அப்கிரேடு செய்தாலும், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்பு அழிவதில்லை. பூட் ஆகும்போது வரும் பட்டியலில் கீழே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர்டாப் என்ற கருவியில் பேட்டரியிலிருந்து வெளியேறும் வாட்டை எழுதினார்கள். புதிய 2.6.38 கெர்னலில் 17 வாட். அணைத்து, பழைய 2.6.35-ஐத் தேர்ந்து ஏற்றினால் 12. அதே லேப்டாப், அதே பேஸ்ட், அதே அறை. ஹீட் சிங்க் நிரபராதி.

காரணம் சில வாரம் கழித்து வெளிவந்தது, உலகம் முழுவதும் லினக்ஸ்காரர்கள் அதே தொல்லையில் இருந்தார்கள். போர்டில் புராசசரையும் மற்றச் சில்லுகளையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் வேலையில்லாத நேரத்தில் தூங்குவதற்கு ஏஎஸ்பிஎம் என்றொரு வசதி உண்டு. சில லேப்டாப்புகளின் பயாஸ் அந்த வசதியை இயக்கி வைத்துவிட்டு, "எனக்கு அது கிடையாது" என்று அறிவிப்பு மட்டும் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய கெர்னல் அதைக் கண்டுகொள்ளவில்லை. புதியது அறிவிப்பை நம்பி வசதியை அணைத்துவிட்டது. பாதைகள் எல்லாம் இரவு பகலாக விழித்திருந்தன. பூட் வரியில் ஏஎஸ்பிஎம்மைக் கட்டாயப்படுத்தும் ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாயிற்று. அந்தச் சொல்லால் சில மாடல்கள் உறைந்து நிற்கும் என்பதால் பார்த்துத்தான் போட வேண்டும். ரெட் ஹேட் நிறுவனத்தில் இருந்த மேத்யூ காரெட் 2011 இறுதியில் முறையான திருத்தத்தை எழுதினார்.

அதே வருஷம் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டு வந்த கருவிகள். லினக்ஸ் தெரியாத மெக்கானிக் பாதி வாடிக்கையாளரை இழந்தான். அவருக்கு அந்த மாணவரிடம் பட்ட பாடு கைகொடுத்தது.

மென்பொருளால் சூடேறுமா என்று இன்னும் நம்பாதவர்களுக்கு அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் 2018 ஜூலையில் நடந்தது. அந்த மாதம் வெளிவந்த புதிய மேக்புக் ப்ரோ, கனமான வேலை கொடுத்தால் சூடாகி வேகம் குறைவதாகப் புகார் எழுந்தது. சில நாள்களிலேயே ஆப்பிள், வெப்ப மேலாண்மையைக் கவனிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப்போனது என்று சொல்லி, திருத்தத்தை அப்டேட்டாகவே அனுப்பியது. ஒரு திருகாணியும் கழற்றப்படவில்லை.

வேறொரு வகைச் சூடு இருக்கிறது. அது மேசையில் வராது, பைக்குள் வரும்.

வங்கி ஊழியர் ஒருவர். காலையில் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீட்டில் வேலை முடித்து, மூடியைச் சாத்தி, பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். புதிய இயங்குதளம் போட்டபின் சென்ட்ரலில் இறங்கும்போது பை முதுகில் சுடுகிறது, லேப்டாப்பில் சார்ஜ் பாதி இல்லை. அவர் கடைக்குக் கொண்டு வந்தபோது கருவி சில்லென்று இருந்தது. வாட்டும் டிகிரியும் ஒழுங்கு. இப்படிப்பட்ட கேஸ்தான் மெக்கானிக்கை அலைக்கழிக்கும்.

விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளைக்கு ஸ்லீப் ஸ்டடி என்றொரு அறிக்கை உண்டு. மூடிய நேரத்தில் கருவி எப்போதெல்லாம் விழித்திருந்தது என்று நிமிஷக் கணக்கில் சொல்லும். ரயில் நேரம் முழுவதும் சிவப்புக் கோடு. இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற தூக்கம்தான் இருக்கிறது. பழைய தூக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இந்தப் புதியது செல்போன் தூக்கம், அரைக்கண் திறந்தே இருக்கும். மெயில் இறக்கும், அப்டேட் தேடும். மேசையில் இருந்தால் தவறில்லை. காற்றுப் போகாத பைக்குள் இருந்தால் சூடு போக இடமில்லை. அப்கிரேடுக்கு முன்பு அவர் மூடியைச் சாத்தினால் முழுசாக அணைந்து ஹைபர்னேட் ஆகும்படி வைத்திருந்தார். அந்த அமைப்பு மாறி, வெறும் தூக்கத்துக்கு வந்திருந்தது. கன்ட்ரோல் பேனலில் ஒரு தேர்வை மாற்றியதோடு வேலை முடிந்தது. பையன் இந்த வேலைக்கு எவ்வளவு வாங்குவது என்று கேட்டான். 200 ரூபாய் வாங்கினார். தெரிந்துகொள்ளப் பிடித்த நேரத்துக்கு அது.

சூடு என்றதும் "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்" என்பது தொழிலில் பரவிவிட்ட முதல் வாக்கியம். அவருக்கு அதில் தீராத கோபம். ஃபார்மேட் அடித்தால் எது புராசசரைப் பிடித்திருந்தது என்ற தடயம் அழிகிறது. வாடிக்கையாளரின் பத்து வருஷப் புகைப்படங்களும் சில சமயம் அதோடு அழிகின்றன. சாக்பீஸ் தூள் மட்டும் அங்கேயே இருக்கிறது. புதிதாகப் போட்ட விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து அட்டவணை போடத் தொடங்கும். இன்னும் சூடாகும். அதைவிடக் கொடுமை, ஃபார்மேட்டிலும் அடங்காத கருவியைப் பார்த்து "போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவது. அப்படிச் சொல்லிக் கைவிடப்பட்ட கருவிகளை வெறும் சுத்தத்திலும் டிரைவரிலும் எழுப்பிக் கொடுத்திருக்கிறார்.

அடியில் வைக்கும் கூலிங் பேட் பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். காற்று வரும் துவாரத்துக்கு நேராக அதன் விசிறி அமைந்தால் சில டிகிரி குறையும். அடைத்த தகட்டை அது திறக்காது. மெத்தையிலும் தலையணையிலும் வைப்பதை நிறுத்தினாலே அந்தச் சில டிகிரி காசில்லாமல் கிடைத்துவிடும். பரீட்சை நேரத்தில் ஓடி வருகிற மாணவர்களுக்கு மட்டும் ஒரு முதலுதவி செய்து அனுப்புவார். பவர் அமைப்பில் புராசசரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குவது. ஒரு சதவீதம்தான். ஆனால் டர்போ வேகம் முழுசாக நின்றுவிடும், சூடு கண்ணுக்குத் தெரிந்து இறங்கும். பரீட்சை முடிந்ததும் கொண்டு வரச் சொல்வார். கொண்டு வருகிறவர்கள் குறைவு.

ஒரே ஒரு வகைக் கருவியைக் கண்டால் வாட், டிகிரி எதையும் பார்க்க மாட்டார். டச்பேட் மேலெழும்பி, அடிமூடி பிதுங்கி, மேசையில் வைத்தால் ஆடுகிற லேப்டாப். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அமுக்காமல் குத்தாமல் பேட்டரியைக் கழற்றித் தனியே மணல் போட்ட தகர டப்பாவில் வைப்பார். பிறகுதான் பேச்சு. உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லும் எவரையும் அவர் மன்னிப்பதில்லை. அது மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம்தான் போக வேண்டும்.

ஆசிரியை மூன்றாம் நாள் வந்தார். உரித்தெடுத்த சாக்பீஸ் பட்டையைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைப் பையன் எடுத்துக் காட்டினான். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 700 ரூபாய் பில். லேப்டாப் மேசையைக் கரும்பலகையிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டதாக அடுத்த வாரம் போனில் சொன்னார்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பையனின் கையெழுத்தில். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியவர்கள் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பிப் போகலாம், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு அந்த வழி மூடிவிடும். அந்தத் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

"அப்கிரேடு போடுவதற்கு முந்தின நாள், லேப்டாப் சும்மா இருக்கும்போது வாட் எவ்வளவு, டிகிரி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். போட்டபின் ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜரோடு, காற்றோட்டமான மேசையில் ஓட விடுங்கள். அதற்கும் சூடு அடங்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் கொண்டு வாருங்கள். தயவுசெய்து ஃபார்மேட் அடித்துவிட்டு வராதீர்கள்."